தலையணையை எடுத்துக்கோ, மாப்ள

பைபாஸ் ஆன ஆளைச் சிரிக்க வைக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் தாளில் இதை எழுதித் தர மாட்டார்கள். ஆனால் மார்பெலும்பை நடுவே அறுத்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றால் இருமல், தும்மல், சிரிப்பு எல்லாம் ஒரே கணக்குதான். இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அன்றிலிருந்து பெரம்பூரில் என் நண்பன் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. நான் வேடிக்கையாக ஏதும் சொல்வதாக இருந்தால், "தலையணையை எடுத்துக்கோ, மாப்ள" என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இதைவிடக் கௌரவம் வேறென்ன? என்ன, பல சமயம் நான் சொல்லி முடித்த பிறகும் அவன் தலையணையோடு காத்துக்கொண்டிருப்பான்.

அவனுக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நாள்பட்ட சர்க்கரை நரம்புகளை மழுங்கடித்துவிடும். மாரடைப்பே வந்தாலும் சிலருக்கு நெஞ்சு வலிக்காது. இவனுக்கும் வலிக்கவில்லை. ரயில்வே மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பாலத்தை உயரமாகக் கட்டிவிட்டார்கள் என்று ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தான். ஆஞ்சியோகிராமில் மூன்று அடைப்பு தெரிந்ததும் ரயில்வே தப்பித்தது.

துணைக்கு இருக்கிறவனின் வேலை நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்று நினைப்பீர்கள். இல்லை. மாத்திரை, இன்சுலின் எல்லாம் அவனுக்கே தலைகீழ்ப் பாடம். இருபது வருஷ அனுபவஸ்தனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க? மூச்சுப் பயிற்சிக்குத் தந்த டப்பாவில் மூன்று பந்துகளையும் மேலே தூக்கிவிட்டு, "நீ ஊதிப் பாரேன்" என்றான். ஊதினேன். ஒரு பந்தும் அசையவில்லை. "ஊதக் கூடாதுடா, உறிஞ்சணும்" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தலையணையைத் தேடினான்.

உண்மையான வேலை, பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பது. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், ஆளுக்கொரு கிலோ ஆப்பிள். சர்க்கரை நோயாளி என்பது நினைவுக்கு வந்து, சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை அதிரசம் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஒருவர் வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் என்றார், இன்னொருவர் ஆவாரம்பூ என்றார், மூன்றாமவர் சிறியாநங்கைப் பொடியைக் கையோடு கொண்டுவந்து இரண்டு பேரையும் தோற்கடித்தார். "ஹார்ட்ல ஆபரேஷன்னாங்க, கால்ல ஏன் கட்டு?" என்று கேட்காதவர் இல்லை. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைப்பார்கள் என்பதை அவனே விளக்குவான்: "மாடிக்குப் பைப் பத்தலைன்னு கீழ் வீட்டுப் பைப்பைக் கழட்டிப் போட்ட மாதிரி." பிறகு, இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975இல் நம்ம பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் நடந்தது, செய்தவர் டாக்டர் கே. எம். செரியன் என்று ஊர்ப் பெருமை தொடங்கும். இவனுக்குச் செய்தது வேறு இடத்தில் என்று நான் அந்த நேரத்தில் குறுக்கே பேசுவதில்லை.

எல்லோரையும் மிஞ்சியவர் ஒரு தூரத்து உறவுப் பெரியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்க மச்சானுக்கும் இதே ஆபரேஷன்தான் தம்பி. நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு..." என்று ஆரம்பித்து, எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது பாதியில் உறைத்து, "காபி ரொம்ப நல்லாருக்கு" என்று முடித்தார். காபி அதுவரை வரவே இல்லை. என் நண்பன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தம்பி அழுகிறான் என்று பெரியவர் கலங்கிப்போனார். இப்படி அறிவிப்பில்லாமல் வரும் நகைச்சுவைதான் தையலுக்கு ஆபத்து.

புண் ஆற வேண்டுமானால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் அவன் மனைவி இனிப்பு மோப்பம் பிடிப்பதில் போலீஸ் நாயையே தோற்கடித்துவிடுவார். இனிப்பு சாப்பிட ஒரே ஒரு சட்டபூர்வமான வழிதான் மிச்சம். மீட்டரில் 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையாவது உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம். ஒருநாள் மாலை வியர்த்து, கை நடுங்க விரலைக் குத்திப் பார்த்தான். 66. நான் பதறிக்கொண்டு எழுந்தேன். அவன் முகத்தில் லாட்டரி விழுந்த களை. "அறுபத்தாறுடா! அந்த அதிரசம் எங்க இருக்குன்னு கேளு!" உள்ளேயிருந்து பதில் வந்தது: "அதிரசம் வேலை செய்ய நேரமாகும். அண்ணே, அந்த குளுக்கோஸ் பொடியைத் தண்ணியில கலக்கிக் கொடுங்க." டாக்டர் சொல்வதும் அதுதான். பாவம், குடித்தான்.

இரண்டு மாதத்தில் எலும்பு கூடியது. தலையணை கட்டிலுக்குத் திரும்பியது. கூட்டமும் நின்றுபோனது. ஆபரேஷனுக்கு வருகிற ஊர் சர்க்கரைக்கு வருவதில்லை; அறுத்தால்தான் நோய் என்று நமக்கு ஒரு நினைப்பு. அவனுக்கோ அறுவை சிகிச்சை நடுவில் வந்துபோன விருந்தாளி. தினமும் ஊசி, தினமும் விரல் குத்தல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி. கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும் பரிசோதனை அது. முந்தின இரண்டு நாள் துறவியாக இருந்து ஏமாற்ற முடியாது. முயன்று பார்த்த அவனே சொல்கிறான்.

ஆகவே அவனைப் போல ஒருவர் உங்களுக்கும் இருந்தால், முதல் வாரத்தில் ஓடாதீர்கள். அப்போது உட்காரவே நாற்காலி கிடைக்காது. மூன்றாம் மாதம் போங்கள். ஆப்பிள் வேண்டாம். குளுக்கோமீட்டர் ஸ்டிரிப் ஒரு டப்பா வாங்கிப் போங்கள். வாங்குமுன் எந்தக் கம்பெனி மீட்டர் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றின் ஸ்டிரிப் இன்னொன்றில் வேலை செய்யாது.