பிரேசில் பனியும் பெரியத்தை சீட்டும்

பணக்காரனாக வேண்டுமா, தினமும் குடிக்கிற காபியை நிறுத்து. என் செல்போனில் இருக்கும் நிதி மேலாண்மைக் குழுக்கள் அத்தனையும் ஒரே குரலில் சொல்வது இதைத்தான். டேவிட் பாக் என்ற அமெரிக்கர் கிளப்பிவிட்ட யோசனை. கடையில் குடிக்கும் காபிக் காசைச் சேர்த்து முதலீடு செய்தால் ஓய்வு பெறும்போது கோடீஸ்வரன் என்பது கணக்கு. அமெரிக்காவில் பலித்திருக்கலாம். அது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு தாண்டி மஞ்சக்குட்டைக்கு வந்து சேர்ந்ததில்தான் சிக்கல். நாங்கள் காபி விளைவிக்கிறவர்கள். ஊர் உலகமெல்லாம் பணக்காரராக முடிவெடுத்துவிட்டால் எங்கள் கதி என்ன என்று குழுவிலேயே கேட்டேன். அட்மின் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். அது வணக்கமா, போய்வா என்பதா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த பாடம் ஐம்பது, முப்பது, இருபது. சம்பளத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு. எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-ல் எழுதிய புத்தகம் பரப்பிய விதி இது. நல்ல விதிதான், ஒன்றாம் தேதி என்று ஒன்று இருப்பவர்களுக்கு. எங்களுக்கு ஒன்றாம் தேதி வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். கார்த்திகையில் பழம் பறிக்க ஆரம்பித்து, பல்ப்பரில் தோல் உரித்து, களத்தில் காயப்போட்டு, பார்ச்மெண்ட் மூட்டையை வியாபாரி ஏற்றிப் போவதற்குள் தை பிறந்துவிடும். பிறகு சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு கொஞ்சம் கைகொடுக்கும். பங்குனியிலிருந்து பூ மழைக்காக வானத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மழை சரியான நேரத்தில் விழுந்தால் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். விழாவிட்டால் அடுத்த வருஷத்து ஒன்றாம் தேதி ரத்து.

“உங்கள் முதலீடு 20 சதவீதம் விழுந்தால் நிம்மதியாகத் தூங்குவீர்களா?” என்று ஓர் ஆப் கேட்டது. போரர் புழு துளைத்த செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு வந்து, ராத்திரி காட்டெருமை வேலியை முறிக்கும் சத்தத்தைக் கேட்டபடியே ‘ஆம்’ என்று அழுத்தினேன். எனக்கு ரிஸ்க் தாங்கும் சக்தி ‘மிதம்’ என்று வந்தது.

அப்பா காலத்தில் இந்த வம்பெல்லாம் கிடையாது. விளைந்த காபியை காபி போர்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் எல்லாருடையதையும் சேர்த்து விற்று, தவணை தவணையாகப் பணம் தருவார்கள். தாமதம் என்று திட்டாதவர் மலையில் இல்லை. ஆனால் மொத்தப் பணமும் ஒரே நாளில் கைக்கு வராததால், ஒரே நாளில் செலவழிக்கவும் முடியவில்லை. 1996-ல் முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டார்கள். யாரிடம் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம். சுதந்திரத்தால் குழப்பம் வந்தது, செல்போன் வந்தபின் குழப்பத்துக்கு ஒரு குழுவும் வந்தது.

காபிக்காரர்கள் குழுவில் காலை முதல் செய்தி ரோஜாப்பூ, இரண்டாவது நியூயார்க் விலை. 2025 பிப்ரவரியில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது ரோஜாப்பூகூட நின்றுபோனது. நாகலூரில் நேற்று மழையா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிற ஆள், பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸில் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒண்டிக்கடை டீக்கடையில் வைத்துச் சொன்னார். 1975-ல் பிரேசிலில் விழுந்த உறைபனியை நேற்று தன் தலையில் விழுந்ததுபோல விவரித்தார் இன்னொருவர். விற்காதவர்கள் விற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனி மாதத்தில் விலை 3 டாலருக்கும் கீழே இறங்கியதும் சிரிப்பு கைமாறியது. ஐப்பசி வாக்கில் மறுபடியும் 4-ஐத் தொட்டது. அதற்குள் இரு தரப்பிடமும் மூட்டை இல்லை.

பங்குச்சந்தை டிப்ஸ் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால் சிக்னல் நினைத்தால் வரும். ‘உடனே வாங்கு’ என்ற செய்தி பதினொரு மணிக்குத்தான் வந்து சேரும். ‘விற்றுவிட்டு வெளியே வா’ என்பது சில நாள் அதற்கு முன்னாலேயே வந்திருக்கும். இதனால் யாரும் எதையும் வாங்கியதில்லை. எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் கணக்குச் சொன்னது. மிச்சமிருந்த 7 சதவீதத்திலும் எங்கள் பள்ளத்து ஆட்கள் கிடையாது. பங்குச்சந்தைப் பாடம் நடத்துகிறவர்கள் கடந்த மூன்று மாத விலையைக் காட்டிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் அதே செபி சுற்றறிக்கை விட்டது. எங்கள் டவர் அதை எப்போதோ அமல்படுத்திவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒழுங்காகக் காசு சேர்வது பெரியத்தை சீட்டில்தான். தர்மபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் சேலத்துக்கும் பரவியபோது கணக்கு எழுதப் பழகியவர் அத்தை. இருபது பேர், இருபது மாதம், லட்ச ரூபாய்ச் சீட்டு. ஆளுக்கு 5,000. அவசரக்காரர் ஒருவர் 30,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 70,000. தள்ளியதில் அத்தை கமிஷன் 5,000 போக, 25,000-ஐ இருபது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 1,250. அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். சீட்டு நடத்துகிறவர் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கி 2019-ல் சட்டத் திருத்தம் வந்தது. எந்தக் குழுவிலும் இல்லாத அத்தைக்கு அது எப்படித் தெரிந்ததோ, அடுத்த சீட்டிலிருந்து 7,000.

வருஷத்துக்கு ஒருமுறை காசு பார்க்கிறவன் மாதாமாதம் எப்படிக் கட்டுவான்? இங்கேதான் அத்தையின் நிதி மேலாண்மை. யார் வீட்டு மூட்டை எந்த லாரியில் ஏறியது என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் விடிவதற்குள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வைகாசி வரைக்குமான தவணையை எண்ணி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டுதான் டம்ளர் காபியைத் தொடுவார். வங்கிக்காரர்கள் இதற்கு ஆட்டோ டெபிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வங்கி யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காருவதில்லை.

போன வருஷம் அவரும் ஸ்மார்ட்போன் வாங்கி, சீட்டுக்கென்று ஒரு குழு ஆரம்பித்தார். அறிவுரை, ரோஜாப்பூ எதுவும் கிடையாது. மாதம் ஒரு படம்: நோட்டுப் பக்கம், பாக்கிக்காரர் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஒருவன் மானம் போகிறதென்று குழுவை விட்டு வெளியேறினான். “குரூப்பை விட்டுப் போகட்டும், மஞ்சக்குட்டையை விட்டு எங்க போவான்?” என்றார் அத்தை. சாயங்காலத்துக்குள் பணம் வந்தது.

சேலத்தில் காலேஜ் படிக்கும் என் தம்பி மகனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “பாட்டி, இதை இப்படி நடத்தக்கூடாது. 1982-லயே சட்டம் இருக்கு. சீட்டுப் பதிவாளர்னு ஒருத்தர் இருக்காரு, அவருகிட்டப் போகணும்” என்றான்.

அத்தை நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“கவர்மெண்டு உத்தியோகமா, கண்ணு?”

“ஆமா.”

“ஒண்ணாம் தேதியானா சம்பளம் வந்துருமா?”

“வந்துரும்.”

“அப்ப ஜாமீன்கூட வேண்டாம். இந்தச் சீட்டுல ஆள் ரொம்பிருச்சு. தையில புதுசு போடறேன், வரச் சொல்லு.”