ஆறு மணிக்கு மேல் அரைக்கால் சட்டை ஆகாது

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நட்டநடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், ஓர் ஆண்மகன் சில இரவுகளில் சாப்பாட்டுக்குப் போக வேண்டுமானால் கழுத்தில் எதையாவது கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் சோறில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அது அநாகரிகம். 'மேலே பஃபே இருக்கிறது சார், அங்கே உங்களுக்கு வசதியாக இருக்கும்' என்று சிரித்தபடி வழிகாட்டுவார்கள். பணம் கட்டி ஏறியவனைத் தட்டேந்த வைப்பதை இதைவிடப் பணிவாகச் செய்ய முடியாது.

குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பல், சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போக வழக்கமாக 7 இரவுகள் எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பாலும் இரண்டு 'காலா' இரவுகள். டின்னர் ஜாக்கெட், போ டை. அது இல்லாத ஏழைபாழைகளுக்குக் கறுப்பு சூட், டை. மற்ற இரவுகளில் கொஞ்சம் இரக்கம் உண்டு. டை உங்கள் இஷ்டம், ஆனால் காலர் வைத்த சட்டை வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் அரைக்கால் சட்டை ஆகாது. 5.59 வரை முழங்காலோடு நடமாடிய கனவான், 6.01க்கு அதே முழங்காலால் பிரிட்டிஷ் நாகரிகத்தைக் குத்திக் கிழித்துவிடுகிறார்.

விதியையாவது பொறுத்துக்கொள்ளலாம். விதிக்கு வாய்த்த பக்தர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று மேசை தள்ளி ஒருவன் டை கட்டாமல் உட்கார்ந்தால் இவர்களுக்குச் சூப்பு இறங்காது. 'இப்படியே விட்டால் தரம் என்னாவது' என்று புலம்புவார்கள். சம்பளமே வாங்காத காவலர்கள். எதிரே வருகிறவனின் போ டை கையால் முடிந்ததா, கொக்கி மாட்டியதா என்று பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும் கண். அந்தக் கண் வேறெதையும் பார்ப்பதில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஜாக்கெட்டின் பூர்வீகத்தைப் பார்த்துவிடுவோம். 1865இல், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர், லண்டன் சாவில் ரோவின் ஹென்றி பூல் தையற்கடையில் வால் வைக்காத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைக்கச் சொன்னார். எதற்கு? சாண்ட்ரிங்ஹாம் பண்ணை வீட்டில், நெருங்கியவர்களோடு சாவகாசமாகச் சாப்பிட உட்காரும்போது போட்டுக்கொள்ள. நாலு பேர் கூடும் சபைக்கு வால் கோட்டும் வெள்ளை டையும்தான் அப்போது மரியாதை. டின்னர் ஜாக்கெட் என்பது இளவரசரின் லுங்கி. 1886இல் நியூயார்க் பக்கத்து டக்ஸீடோ பார்க்கில் பணக்காரர்களின் குடியிருப்பு உருவானது. அமெரிக்காவில் இந்த உடுப்புக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. இடுப்பில் மடிப்பு மடிப்பாகச் சுற்றும் கம்மர்பண்டோ, இந்திய வெயிலில் வெஸ்ட்கோட் தாங்காமல் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் நம்மவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட இடைக்கச்சை. ஆக, ஒருவர் வீட்டில் காற்றோட்டமாக இருக்கப் போட்டது, இன்னொருவர் புழுக்கம் தாளாமல் கட்டியது. இரண்டையும் சேர்த்து மூச்சு முட்ட மாட்டிக்கொண்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலா இரவில் அவரவர் தேசிய உடைக்கும் அந்தக் கப்பலில் இடமுண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் கட்டி முழங்கால் தெரிய வரலாம். முழங்காலிலும் சாதி இருக்கிறது போலும். பட்டு வேட்டி கட்டிய தமிழரையும் அந்த விதிப்படி தடுக்க முடியாது. ஆனால் சென்னையில் தடுத்தார்கள். 2014 ஜூலையில் சேப்பாக்கத்துத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் போய் 67 ஆண்டுகள் ஆன பிறகு, அவனே தளர்த்திக்கொண்ட முடிச்சை நம்மாட்கள் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். வேட்டியோடு உள்ளே போவதற்கு அடுத்த மாதமே சட்டமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. தமிழனின் இடுப்புத் துணிக்குத் தமிழ்நாட்டில் சட்டப் பாதுகாப்பு! எஜமானை மிஞ்சிய விசுவாசம் என்றால் இதுதான்.

சரி, கப்பலுக்கு வருவோம். கையால் முடிந்த போ டை, முத்து வைத்த கஃப்லிங்க், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் ஷூ, எல்லாம் போட்டாயிற்று. இனி எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாமா? அது நடக்காது. குயின் மேரி 2இல் நீங்கள் எங்கே சாப்பிடுவது என்பதை உங்கள் கேபின் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது. பெரிய சூட் அறை எடுத்தவர்களுக்குக் குயின்ஸ் கிரில். அடுத்த படிக்குப் பிரின்சஸ் கிரில். மிச்சப் பெருங்கூட்டத்துக்குப் பிரிட்டானியா. பிரிட்டானியாக்காரர் லண்டனின் ஆகச் சிறந்த தையல்காரரிடம் தைத்துப் போட்டு வந்தாலும் குயின்ஸ் கிரில்லில் நாற்காலி கிடையாது. உடைக் கட்டுப்பாடு எல்லோரையும் சமமாக்குகிறது என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் இருமுவார்கள். படிக்கட்டுப் பக்கம் திரைச்சீலை கட்டிப் புகைப்படக்காரர்கள் காத்திருப்பார்கள். உங்கள் கம்பீரத்தை உங்களுக்கே விற்றுத் தருவார்கள்.

இப்போது அந்தக் கண் பார்க்காத இடங்கள். மாலைத் தேநீரை வெள்ளைக் கையுறை போட்ட கைகள் ஊற்றுகின்றன. கையுறைக்குள் இருக்கும் கை எத்தனை மணிக்கு எழுந்தது? உல்லாசக் கப்பல்களின் உணவுக்கூடங்களிலும் அறைகளிலும் வேலை செய்பவர்களில் ஏராளமானோர் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தம். அது முடியும்வரை ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை என்று வைக்கலாம். அல்லது குறைந்தபட்சம் 77 மணி நேர ஓய்வு என்று வைக்கலாம். எது என்பது கப்பல் பறக்கவிடும் கொடிக்குரிய நாட்டின் விருப்பம். 168இலிருந்து 77ஐக் கழித்துப் பாருங்கள். வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கியும் சட்டப்படி யோக்கியமாக இருக்கலாம். கழுத்துப் பொத்தானுக்கு இல்லாத நெளிவுசுளிவு, கழுத்தை முறிக்கும் வேலைக்கு இருக்கிறது.

கொடி என்றதும் ஞாபகம் வருகிறது. 2011இல் குனார்ட் தன் மூன்று கப்பல்களையும் பிரிட்டனின் பதிவிலிருந்து எடுத்து பெர்முடாவில் பதிந்துகொண்டது. கப்பலின் பின்புறத்தில் சவுத்தாம்ப்டன் அழிந்து ஹாமில்டன் ஏறியது. நடுக்கடலில் கல்யாணம் செய்துவைக்க வசதியாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஊழியரின் நாட்டைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கும் பழக்கத்துக்கு ஓரளவு கடிவாளம் போடும் விதிகள் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அமலானதும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். முகூர்த்தம் அப்படி அமைந்துவிட்டது. பரம்பரை பரம்பரையாக பிரிட்டிஷ் மரபைக் காப்பாற்றுகிற கப்பல், பிரிட்டனின் பதிவை மட்டும் காப்பாற்ற முடியாமல் போனது.

இதே குனார்டுக்குச் சொந்தக்கார நிறுவனம் கார்னிவல் கார்ப்பரேஷன். அதன் இன்னொரு பிள்ளை பிரின்சஸ் குரூயிசஸ். அங்கேயும் ஃபார்மல் இரவுகள் உண்டு. கிண்ணத்தின் மேல் கிண்ணம் அடுக்கி ஷாம்பெயின் அருவி கொட்டுவார்கள். அவர்களுடைய கரீபியன் பிரின்சஸ் கப்பலில் வேறொரு அருவியும் கொட்டியது. 2005இலிருந்து எண்ணெய்க் கழிவுநீரைக் கள்ளக்குழாய் போட்டுக் கடலில் விட்டிருக்கிறார்கள். 2013 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் ஒரே தடவையில் சுமார் 16,000 லிட்டர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, சவுத்தாம்ப்டன் வந்ததும் வேலையை உதறி இறங்கி அதிகாரிகளிடம் சொன்னார். உடனே குழாயைக் கழற்றி ஒளித்தார்கள். கீழே இருப்பவர்களைப் பொய் சொல்லச் சொன்னார்கள். 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம். அதோடாவது கார்னிவல் குடும்பம் திருந்தியதா? நன்னடத்தைக் காலத்திலேயே மீறல்கள், பஹாமாஸ் கடலில் பிளாஸ்டிக் கலந்த சாப்பாட்டுக் கழிவு கொட்டியது உட்பட. 2019இல் இன்னொரு 2 கோடி டாலர். பயணி கிழிந்த ஜீன்ஸில் வந்தால் தரம் போய்விடும். கடலின் வயிற்றில் குழாயைச் சொருகினால் போகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய கலை. இவர்கள் அதை டக்ஸீடோவில் மறைக்கிறார்கள்.

உடுப்பில் இந்தக் கறார்த்தனம் இன்று நேற்று வந்ததல்ல. 1912 ஏப்ரல் 15 அதிகாலை டைட்டானிக் மூழ்கியபோது அதன் இசைக்குழுவினர் எட்டுப் பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜாக் ஹ்யூம், டம்ஃப்ரீஸ் ஊரைச் சேர்ந்த வயலின்காரர், வயது 21. அவர்களை வேலைக்கு வைத்தது லிவர்பூலில் இருந்த பிளாக் என்ற ஏஜென்சி. அதைக் காட்டி, அவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை என்று கப்பலை நடத்திய ஒயிட் ஸ்டார் நிறுவனம் நஷ்டஈட்டிலிருந்து கழன்றுகொண்டது. ஏப்ரல் 30ஆம் தேதியிட்டு ஹ்யூமின் தந்தைக்கு ஏஜென்சியிடமிருந்து கடிதம் போனது. மகன் பேரில் 5 ஷில்லிங் 4 பென்ஸ் பாக்கி இருக்கிறதாம். கூடவே சீருடைக் கணக்கு, 14 ஷில்லிங் 7 பென்ஸ். கோட்டின் மார்ப்பட்டையில் குத்தும் யாழ்ச் சின்னத்துக்கு இவ்வளவு, ஒயிட் ஸ்டார் பொத்தான் தைத்த கூலி இவ்வளவு என்று வரி வரியாக எழுதியிருந்தார்கள். அந்தத் தந்தை கடிதத்தை இசைக்கலைஞர்கள் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். சங்கம் அதைத் தன் இதழில் அச்சிட்டது.