அட்டை உண்டு, கடைசிப் பக்கம் இல்லை

பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்கு இன்று இத்தனை மவுசு வந்ததற்குக் காரணம் எழுதியவர்களும் இல்லை, வரைந்தவர்களும் இல்லை, நம் அம்மாக்கள்தான். இதைக் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து ரயில் பெட்டி வரை எல்லா இடத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாயசம் வரும்வரை கேட்கிறார்கள். நம்புவதில்லை.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது முதல் இதழில் வந்த நாயகர் இரும்புக்கை மாயாவி. அவருக்கு ஒரு கை இரும்பு. மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் வீட்டில் மறைந்தது புத்தகங்கள், தெரிந்தது அம்மாவின் கை. முழுப் பரீட்சை மார்க் வந்த வாரத்தில் பழைய பேப்பர்காரர் தராசோடு தெருவுக்குள் நுழைந்தால் என் சேகரிப்பு தட்டில் ஏறிவிடும். "இதைப் படிச்சு உனக்கு என்னடா வந்துது? எடைக்குப் போட்டாலாவது எட்டணா வரும்" என்பார். அதற்குச் சரியான பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இப்படி ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு எடைக்குப் போனது போக, வேர்க்கடலைப் பொட்டலமானது போக, ராமபாணம் தின்றது போக, 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளோடு சாம்பலானது போக மிஞ்சியவைதான் இன்று ஆயிரங்களில் பேரம் பேசப்படுகின்றன. அந்த எட்டணா அம்மாக்கள் இல்லாவிட்டால் எல்லார் வீட்டிலும் எல்லா இதழும் இருந்திருக்கும். பேரம் பேச ஆள் ஏது?

அமெரிக்காவிலும் இதே கதைதான், தராசு மட்டும் பெரிசு. 1938 ஜூன் என்று அட்டையில் போட்டு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில்தான் சூப்பர்மேன் அறிமுகமாகிறார். அட்டையிலேயே ஒரு காரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார். விலை பத்து சென்ட். சுமார் இரண்டு லட்சம் பிரதிகள் அச்சானதாகச் சொல்வார்கள். இன்று மிஞ்சியது நூறு தேறும் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பு. மற்றதெல்லாம்? இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பழைய காகிதம் திரட்டிக் கொடுப்பது தேசபக்தி. பையன்கள் தங்கள் சூப்பர்மேன்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். போர் முடிந்ததும் சில ஊர்களில் பெரியவர்கள் காமிக்ஸைக் குவித்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். போதாக்குறைக்கு 1954இல் பிரெடரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு இந்தப் புத்தகங்களே காரணம் என்று தனிப் புத்தகமே எழுதினார். செனட் உட்குழு ஒன்று விசாரணையும் நடத்தியது. அந்த நாட்டு அம்மாக்களுக்குக் கையில் மருத்துவச் சீட்டே கிடைத்த மாதிரி ஆயிற்று. பழைய காமிக்ஸ் வியாபாரிகள் வெர்தமுக்குச் சிலை வைத்து, வருஷா வருஷம் மாலை போட வேண்டும்.

2024இல் அந்த முதல் இதழின் பிரதி ஒன்று ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் சுமார் 50 கோடி ரூபாய். நடிகர் நிக்கோலஸ் கேஜிடம் இருந்த பிரதி 2000இல் திருட்டுப்போய், 2011இல் ஒரு வாடகைக் கிடங்கில் அகப்பட்டது. அதே வருஷம் அது 21 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. பதினோரு வருஷம் கை வைக்காமல், மடிக்காமல், இடையில் பணமுடை வந்து விற்றுவிடாமல் பாதுகாத்த அந்தத் திருடரைப்போல் ஒரு நிரந்தர வைப்பு நிதி எந்த வங்கியிலும் கிடையாது.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 1990 வாக்கில் அமெரிக்கர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பழசைத்தான் அம்மா தூக்கிப் போட்டுவிட்டாள், புதுசை இன்றைக்கே வாங்கி உறை போட்டு வைத்தால் பிள்ளையின் காலேஜ் செலவுக்கு ஆகுமே! பதிப்பகங்கள் இந்த ஆசையை மோப்பம் பிடித்துவிட்டன. 1991இல் 'எக்ஸ்-மென்' புது வரிசையின் முதல் இதழை ஐந்து அட்டைகளில் இறக்கினார்கள். உள்ளே கதை ஒன்றே. நான்கு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பெரிய படம் வரும். ஐந்தாவதில் அந்தப் படமே மடிப்பு அட்டையாக முழுசாக வரும். அப்படியானால் முதல் நான்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போய், கின்னஸ் சாதனை ஆகிவிட்டது. அத்தனை பேர் படித்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரே ஆள் ஐந்தையும் வாங்கினார், சில பேர் பெட்டியோடு வாங்கினார்கள், கடைக்காரரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பதுக்கிக்கொண்டார். அந்த இதழ் இன்றும் சில டாலருக்குத் தாராளமாகக் கிடைக்கிறது.

அடுத்த வருஷம் நவம்பரில் சூப்பர்மேனையே கொன்றார்கள். 75ஆவது இதழ், கருப்புப் பையில் வந்தது. உள்ளே கையில் கட்டிக்கொள்ளக் கருப்புப் பட்டை, நாளிதழ் மாதிரி இரங்கல் செய்தி, சுவரொட்டி எல்லாம் உண்டு. பதினாறாம் நாள் பத்திரிகை ஒன்றுதான் குறை. கடை வாசலில் வரிசை கட்டி நின்று வாங்கினார்கள். பையைப் பிரித்தால் விலை போய்விடும் என்று பல பேர் பிரிக்கவே இல்லை. அத்தனை பேர் துக்கத்துக்குப் போய், ஒருத்தரும் முகத்தைப் பார்க்காமல் திரும்பிய இழவு வீடு அது ஒன்றுதான். 1993லேயே ஆள் எழுந்து வந்துவிட்டார். பையோடு விற்கப் போனவர்களைக் கடைக்காரர் உள்ளே கூட்டிப்போய், தன்னிடம் இருக்கும் பைகளைக் காட்டியிருப்பார். இந்தக் கூத்து அடங்குவதற்குள் ஏராளமான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

இத்தனையும் தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆதலால் முதலீட்டில் நம்பிக்கை அதிகம். லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் 2012 முதல் வழவழ தாளில், முழு வண்ணத்தில் வர ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குகிறார். ஒன்று படிக்க, ஒன்று வைக்க. வைக்கிற பிரதி கண்ணாடித் தாள் உறைக்குள் போய், உறை டப்பாவுக்குள் போய், டப்பா பீரோவுக்குள் போகும். புதுச் செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உறவினர் வீடுகளிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கி அதில் போட்டு வைப்பார். அவர் மனைவி ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார்: "ஏங்க, என் பட்டுப்புடவையெல்லாம் வெளியில மூட்டை கட்டிக் கிடக்குது. இதுக்கு மட்டும் பீரோவா?"

"இன்னும் இருபது வருஷம் போகட்டும், அப்ப தெரியும்" என்றார் நண்பர். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

அவரிடம் ஒரு வலுவான சாட்சி உண்டு. 2010இல் 'இரத்தப் படலம்' என்ற காமிக்ஸ் கதை ஒரே குண்டுத் தொகுப்பாக 200 ரூபாய்க்கு வந்தது. பிறகு அது பல மடங்கு விலைக்குக் கைமாறியது. "இதுக்கு என்ன சொல்றீங்க சார்?" என்று மடக்குவார். நான் சொல்வது இதுதான்: அந்தச் சமயத்தில் இதழ்கள் எப்போதாவதுதான் வந்துகொண்டிருந்தன. 200 ரூபாய் கொடுத்து ஒரு பொம்மைப் புத்தகமா என்று பாதிப் பேர் நகர்ந்து போய்விட்டார்கள். நகர்ந்து போனவர்கள்தான் அந்த விலையைக் கொடுத்தவர்கள். அமெரிக்காவிலும் புதுசில் தப்பிப் பிழைத்தவை எல்லாம் இந்த ஜாதகம் கொண்டவைதான். 1984இல் இரண்டு பையன்கள் கைக்காசும் கடனும் போட்டு மூவாயிரம் சொச்சம் பிரதி அச்சடித்த நிஞ்சா ஆமைகள், 2003இல் ஏழாயிரம் சொச்சம் பிரதியோடு சத்தமில்லாமல் வந்த 'வாக்கிங் டெட்' இரண்டுக்கும் இன்று எட்டாத விலை. பத்திரப்படுத்து என்று அட்டையில் யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் பத்திரப்படுத்தவும் இல்லை.

நண்பர் விடமாட்டார். "நம்ம புது இதழ்களும் குறைஞ்ச பிரதிதானே அச்சாகுது?" உண்மைதான். ஆனால் வாங்குகிற அத்தனை பேரும் அவரைப் போலவே செருப்பு டப்பாப் பொட்டலம் தேடி அலைகிறவர்கள். அச்சான பிரதியில் ஒன்றுகூட சாகாது. இருபது வருஷம் கழித்து அத்தனையும் ஒரே நாளில் பீரோவிலிருந்து வெளியே வந்தால், விற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தரம் பிரிக்கிற விஷயத்தில்தான் அமெரிக்கர்களும் நாமும் அடியோடு வேறுபடுகிறோம். அங்கே 2000இல் சிஜிசி என்று ஒரு நிறுவனம் வந்தது. புத்தகத்தை அனுப்பினால் உருப்பெருக்கியில் பார்த்துப் பத்துக்கு எத்தனை மார்க் என்று தசமத்தில் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். முதுகில் மயிரிழை மடிப்பு இருந்தால் 9.8 என்பது 9.4 ஆகும், விலை பாதாளத்துக்கு இறங்கும். பேழைக்குள் போன புத்தகத்தை அதன்பின் யாரும் படிக்க முடியாது. ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962ஆம் வருஷத்து இதழ் ஒன்று 9.6 மார்க் வாங்கி, 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. எனக்கு அந்தக் காலத்தில் இப்படி மார்க் வந்திருந்தால் என் புத்தகங்கள் தராசுக்கே போயிருக்காது.

நம் ஊரில் தசமம் கிடையாது. "அட்டை இருக்கா?" இது முதல் கேள்வி. "கடைசிப் பக்கம் இருக்கா?" இது இரண்டாவது. இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது உயர் ரகம். அட்டை உண்டு, கடைசிப் பக்கம் இல்லை என்றால் நடுத்தரம். வில்லன் யார் என்று தெரியாது, அவ்வளவுதானே! மற்றபடி வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை, மூன்று கதைகளைச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்த பைண்டிங், ஊசி போன ஓட்டை, துருப்பிடித்த பின், முன் அட்டையில் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு என்ற விலாசத்தோடு ஒரு பெயர், திருடினால் கண் போய்விடும் என்ற எச்சரிக்கை இவையெல்லாம் குறையே அல்ல. வியாபாரி இவற்றைக் காட்டி, "ஒரிஜினல் சார், பாருங்க" என்பார். நானும் ஒப்புக்கொள்கிறேன். மாயாவி கதைகள் எத்தனையோ தடவை மறுபதிப்பாகி, நல்ல தாளில் சுத்தமாகக் கிடைக்கின்றன. கண் போய்விடும் என்ற மிரட்டல் மறுபதிப்பில் வராது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாயாவிக்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள் யார்? எழுபதுகளில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அவரைப் படித்தவர்கள். அவர்களுக்கு இப்போதுதான் பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கைக்கு வந்திருக்கின்றன. அன்றைக்கு அப்பா வாங்கித் தராததை இன்றைக்குத் தாங்களே வாங்கித் தீர்த்துக்கொள்கிறார்கள். அடுத்து வரிசையில் நிற்பது 1984இல் ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்டையும் லயனில் மாடஸ்டி என்ற நாயகியையும் பார்த்து வளர்ந்த கூட்டம். அவர்களுக்கும் ஓய்வு வயது நெருங்குகிறது. அதற்கடுத்து? என் மகளிடம் ஒரு முதல் பதிப்பைக் காட்டி என்ன விலை போகும் என்றேன். மோந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு ஒரு நாற்றம் அடிக்குது" என்றாள். பழைய இதழாகவே இருந்தாலும், விற்கிற எண்ணம் உள்ளவர்கள் அரசு ஊழியர்கள் ஓய்வு பெறும் மாதத்தைப் பார்த்து விற்பது உத்தமம்.

புதிய இதழ் சேகரிப்பவர்களுக்குத் தேவை பீரோ இல்லை. மற்றவர்கள் தங்கள் பிரதியை ஒழித்துக்கட்ட வேண்டும். அதனால் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். 2012க்குப் பிறகு வந்த வண்ண இதழ்கள் உங்கள் பரணில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடுங்கள். தாள் வழவழ ரகம், எடை நன்றாக நிற்கும். மனசு வராவிட்டால் நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒரே வாரத்தில் காரியம் முடிந்துவிடும். நான் சொன்னதாக மட்டும் நண்பரிடம் சொல்ல வேண்டாம். லாபத்தில் பங்கு கேட்பேன் என்று நினைத்துக்கொள்வார்.