கூலிங் கிளாஸும் 200 மணி நேரமும்

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறிய மகனுக்கு விமானிப் பள்ளி தேடும் அப்பா, முதலில் மயங்குவது விளம்பரத்தில் கூலிங் கிளாஸோடு சிரிக்கும் மாணவனிடம்தான். அங்கே எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று கேட்க மறந்துவிடுவார்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். பள்ளியில் இருப்பதோ இரண்டு செஸ்னா. ஒன்று உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும், மற்றொன்று மழை விடக் காத்திருக்கும். வங்கி வட்டி மட்டும் குறித்த நேரத்தில் கிளம்பிவிடும்.

2025-இல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ முதன்முறையாக இந்தப் பள்ளிகளுக்கே மார்க் போட்டது. 35 பள்ளிகளில் முதல் இரண்டு தரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. 13-க்கு ‘பி’, 22-க்கு ‘சி’. மாணவனிடம் மார்க் ஷீட் கேட்கிறவர்கள்!

பணம் கட்டுமுன் ஹேங்கருக்குள் போய் விமானங்களை எண்ணுங்கள். எஞ்சின் உள்ளதை மட்டும்.