மூணு கல்லு அடுப்பு

எந்திரிச்சுட்டியா சாமி? மோர் இருக்குது, குடி. நேத்துப் பொழுது சாய நீ ஊரெல்லை தாண்டறப்பவே நான் உங்கமுச்சிகிட்டச் சொல்லிட்டேன், பேரன் வாறான்னு. எப்படித் தெரிஞ்சுதுங்கறயா? மத்தவிய காரெல்லாம் ஓடி வரும். உன்றது நின்னு, இருமி, தொண்டையச் செருமிட்டு வரும். வாசல்ல நிறுத்திட்டு இஞ்சின அணைக்காம போன் பேசிட்டிருந்தியே, அத்தனை நேரமும் திண்ணைல இருந்த சொம்புத்தண்ணி அலையடிச்சுட்டே இருந்துச்சு. உங்கமுச்சி பூமி ஆடுதுன்னு நெனச்சு விபூதி எடுத்துட்டு வந்துட்டா.

இத்தனைக்கும் 9,000 ரூவா செலவு பண்ணியிருக்கறயாமே. பிளக்கு மூணும் புதுசு, காயில் புதுசு, பேட்டரி புதுசு. வயித்து வலின்னு போனவனுக்கு மொட்டை போட்டு, காது குத்தி, புதுச் செருப்பும் வாங்கிக் குடுத்தாப்பல. இன்னும் வயிறு வலிக்குதுன்னா, ‘அப்ப இஞ்சின இறக்கோணும்’ங்கறானாமா மெக்கானிக்கு. அவனச் சொல்லிக் குத்தமில்ல. உன்ற மூஞ்சி அப்படி. பாத்ததும் எவனுக்கும் ஒண்ண இறக்கத்தான் தோணும்.

நான் ஒண்ணும் படிச்சவனில்ல சாமி. ஆயில் இஞ்சின் வெச்சுக் கெணத்துத் தண்ணி எறச்சவன். ராத்திரி மஞ்சளுக்குத் தண்ணி கட்டறப்ப, அது ஒரு சத்தம் தப்பி அடிச்சா தூக்கத்துலயே எந்திரிச்சு உக்காந்துக்குவேன். பெத்த புள்ள அழுதா உங்கமுச்சிதான் எந்திரிப்பா. அது வேற கதை.

உன்றது 1996 மாடல் மாருதி 800. 1983 டிசம்பர்ல டெல்லில இந்திரா காந்தி மொத வண்டிச் சாவியக் குடுத்த அதே சாதி இஞ்சின். 796 சிசி, மூணு சிலிண்டரு. அந்த மூணுலதான் சூட்சுமமே இருக்குது. உங்கமுச்சி மூணு கல்லுக் கூட்டி அடுப்பு வெச்ச காலத்துல, ஒரு கல்லு நகந்தாப் போதும், சோத்துப்பானை சாஞ்சுக்கும். ஆறு சிலிண்டர் வண்டில ஒண்ணு படுத்துக்கிட்டா கொஞ்சம் மறச்சு ஓட்டிக்கலாம். இதுல ஒண்ணு படுத்தா மூணுல ஒரு பங்கு ஆளில்ல. ஐடில்ல நிமிசத்துக்கு 900 சுத்து சுத்துச்சுன்னா ஒவ்வொரு சிலிண்டரும் 450 தடவை பத்தோணும். ஒண்ணு பத்தலீனா வண்டி தலையாட்டும். உன்னையாட்டம், எதுக்கும் தலையாட்டும்.

அதுக்கு உன்ற மெக்கானிக்கு என்ன பண்ணுனான்? ஸ்குரூவத் திருப்பி ஐடிலக் கூட்டி வெச்சுட்டான். பசிக்கு அழுவற கொழந்தை கைல கிலுகிலுப்பை குடுக்கற வேலை. சத்தம் அடங்கும், பசி அடங்காது. சிக்னல்ல நிக்கறப்பக்கூட பெட்ரோலக் குடிச்சுட்டே நிக்கும்.

சரி, என்ன பண்ணோணும்னு கேளு. காசில்லாத வேலைய மொதல்ல பாரு. காசு கேக்கற வேலையக் கடைசில பாரு. நீ தலைகீழாப் பண்ணிட்டு வந்திருக்கற.

மொத வேலை, கணக்கு. மைலேஜு லிட்டருக்குப் பதினொண்ணுதான் குடுக்குதுங்கறயே, எதுல அளந்த? டேங்க் முள்ளப் பாத்தா? அந்த முள்ளு நம்ம ஊர் சோசியனாட்டம். மேட்டுல ஒண்ணு சொல்லும், பள்ளத்துல ஒண்ணு சொல்லும். ஒரே பங்க்ல, ஒரே குழாய்ல, தானா நிக்கற வரைக்கும் ரொப்பு. மீட்டரக் குறிச்சுக்க. ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு, மறுபடி அதே குழாய்ல தானா நிக்கற வரைக்கும் ரொப்பு. ஓடுன தூரத்த ரெண்டாந்தடவை ஊத்துன லிட்டரால வகுத்துக்க. அதுக்கப்பறம் வந்து என்கிட்ட அழுவு.

எத்தனால் கலந்த பெட்ரோலுதான் காரணம்ங்கறயா? இதுல பாதி நெசம். ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி, பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி. நூத்துக்கு 20 பங்கு கலந்தா மைலேஜ் ஒரு ஆறு, ஏழு சதம் எறங்கும். அப்ப 18 குடுத்தது 17-க்குப் பக்கத்துல வந்து நிக்கோணும். பதினொண்ணுக்கு வந்து நின்னா, மிச்சத்தக் குடிச்சவன் வண்டிக்குள்ளதான் இருக்கறான். ஆனா ஒண்ணு, அந்தக் காலத்து ரப்பர் ஹோஸுக்கு எத்தனால் ஆகாது. ஊறி, வெடிச்சு, ஒழுக ஆரம்பிச்சுரும். அதைக் கையில தடவிப் பாத்துட்டே இரு. தீப்புடிச்சதுக்கப்பறம் மைலேஜப் பத்திப் பேச முடியாது.

ரெண்டாவது, எந்தக் கல்லு நகந்துதுன்னு கண்டுபுடி. வண்டிய அணச்சுட்டு ஒரு பிளக் ஒயரக் கழட்டு. மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் கேளு. சத்தம் இன்னும் மோசமாச்சுன்னா, அந்தச் சிலிண்டரு வேலை செஞ்சுட்டிருந்துதுன்னு அர்த்தம். அதை மாட்டிட்டு அடுத்ததுக்குப் போ. எதைக் கழட்டுனா சத்தத்துல ஒரு மாத்தமும் இல்லியோ, அவன்தான் சம்பளம் வாங்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கறவன். ஓடறப்பவே கையில புடிச்சு இழுத்தறாத. 1978-ல நான் இழுத்தேன். இந்தத் தோள்பட்டை இன்னும் அதை மறக்கல. இஞ்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்த வித்தை வேண்டாம். பத்தாத பெட்ரோலு சைலன்சர்ல இருக்கற கன்வெர்ட்டருக்குள்ள போயிப் பாழாக்கிரும்.

அப்பறம் பிளக்கக் கழட்டிப் பாரு. புதுசுதானேங்காத. புதுப் பிளக்குதான் சாட்சி சொல்றக்கு நல்லது, பழைய பகை ஒண்ணும் இருக்காது. மூக்கு தவுட்டு நெறமா இருந்தா வண்டி நல்ல சோறு திங்குது. வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தல, இல்லீனா எங்கியோ காத்து இழுக்குது. கரியாட்டம் வறண்டு கறுத்திருந்தா பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா, அப்ப வேணா இஞ்சின இறக்கறதப் பத்திப் பேசலாம். நனஞ்சு, பெட்ரோல் வாசம் அடிச்சா, அங்க நெருப்பே வரல.

உன்ற வண்டில ஒண்ணும் மூணும் கரி. நடுவால இருக்கற ரெண்டாவது நனஞ்சு கெடக்குது.

எனக்கு எப்படித் தெரியுமா? நேத்து நீ கொறட்டை உட்டதுக்கப்பறம் சாவிய எடுத்துட்டுப் போனேன். சத்தம் போடாத. உங்கம்மா சின்னதுல பலகாரம் எங்க ஒளிச்சு வெப்பாளோ, அங்கதான் நீயும் சாவிய வெக்கற. பானட்டத் தூக்கி, லைட்டெல்லாம் அணச்சு, இஞ்சின ஓடவிட்டு ஓரமா நின்னேன். நல்ல இருட்டு. ரெண்டாவது பிளக்குக்குப் போற ஒயரு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு சாண் தள்ளி, நீலமா மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. மின்மினிப் பூச்சியாட்டம். ஒயர்ல முடி மாதிரி ஒரு வெடிப்பு. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி அந்த வெடிப்பு வழியா வெளிய குதிச்சு, இஞ்சின் தகடுல போயி அடங்குது. மடை ஒடஞ்ச வாய்க்கா. பொறியிருந்தும் கடைமடைக்குப் போயிச் சேரல. நீ வயலு புதுசு வாங்குன, மோட்டாரு புதுசு வாங்குன, வாய்க்கால மட்டும் பாக்கல. அந்த ஒயர் செட்டு வெலை, நீ போன வாரம் தின்ன பிரியாணிக்குப் பக்கத்துலதான் வரும்.

சரி, குலுக்கலுக்குக் காரணம் ஆச்சு. மிச்ச ரெண்டும் ஏன் கரி? ஒரு கிலோ பெட்ரோலு ஒழுங்கா எரியறக்கு 14.7 கிலோ காத்து வேணும். காத்து கொறஞ்சாலும் கரி, பெட்ரோல் மிஞ்சுனாலும் கரி. ஏர் பில்டரத் தொறந்தேன். உள்ள ஒரு குருவி குடும்பம் நடத்தலாம், அத்தனை தூசி. அது ஒண்ணு. அப்பறம் சோக். ஏஞ்சாமி, டேஷ்போர்டுல சோக்குன்னு ஒரு குமிழு இருக்குதே, அதை என்னன்னு நெனச்ச? அதுல ஒரு மஞ்சப்பை தொங்குது. பை கனத்துக்குச் சோக்கு ரெண்டு வெரல் வெளிய வந்து நிக்குது. குளுருல ஸ்டார்ட் பண்ணறக்குக் காத்த அடச்சு, பெட்ரோலக் கூட்டித் தர்ற கதவு அது. நீ மாசக்கணக்கா மத்தியான வெயில்லயும் அதைப் பாதி சாத்தி வெச்சுட்டு ஓட்டியிருக்கற. பை யாரோடதுன்னு இப்பக் கேக்காத.

மூணாவது, சூடு. கோயமுத்தூர்ல இருந்து வந்து நின்னும் டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு ஏறல. நம்மூரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குன்னு எவனோ ஒரு புண்ணியவான் புடுங்கிப் போட்டிருக்கறான். இஞ்சின் ஓரளவு சூடாகிற வரைக்கும் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம தடுத்து வெக்கறதுதான் அதோட வேலை. அது இல்லீனா இஞ்சின் எந்நேரமும் குளிச்சுட்டே இருக்கும். பெட்ரோலு ஆவியாகாது, எண்ணெய் எளகாது, மைலேஜும் வராது. அடுப்பே சூடாகாம தோசை ஊத்துனா கல்லோட ஒட்டிக்கறதாட்டம். சூடேறுதுன்னு புடுங்குனானாமா. ரேடியேட்டர்ல அடச்ச மண்ண எடுக்கச் சோம்பல், அதான் சங்கதி.

மிச்சத்த மேலாக்கப் பாத்துக்க. வேக்கம் ஹோஸ் ஒவ்வொண்ணா வெரல்ல அமுக்கு, உஸ்ஸுன்னு காத்து இழுக்கற சத்தம் மாறுனா அங்க ஓட்டை. டேப்பட் ரொம்ப இறுக்கமா இருந்தாலும் ஐடில் ஆடும். எல்லாம் சரியா இருந்தும் வண்டி மட்டும் ஆடுச்சுன்னா, இஞ்சின் மவுண்டிங் ரப்பர் செத்துருக்கும். பிரேக் புடிச்சுட்டே ஓடுதான்னு பாக்கறக்கு, நேரா ஒரு ரோட்டுல ஓட்டிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்துல கைய வெச்சுப் பாரு. ஒண்ணு மட்டும் கொதிச்சா, அங்கதான் உன்ற பெட்ரோல் எரியுது. டயர்ல காத்து எவ்வளவுன்னு பாரு. உன்ற எடது காலையும் பாரு. ஊருக்குள்ள வர்றப்ப கிளச்சு மேலயே அது சவாரி பண்ணுது. அந்தப் பார்ட்டு கடைல கெடைக்காது, பொறப்புலயே வந்தது.

இன்னொண்ணு, காது குடுத்துக் கேளு. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து. மாத்தி ஓட்டிப் பாரு, அப்பறம் அடுத்தது. ஒரே நாள்ல நாலு மாத்துனா எது தீத்துச்சுன்னு உனக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. நாளைக்கு மறுபடி வந்தா மறுபடி நாலுக்கும் அழுவோணும். நாலு சாமிக்கு வேண்டிக்கிட்டுப் புள்ள பொறந்தா, எந்தச் சாமிக்குக் கெடா வெட்டறதுன்னு உங்கமுச்சி இன்னும் சண்டை போடறா பாரு, அப்படி.

இப்பப் போயி டவுன்ல ஒயர் செட்டும் தெர்மோஸ்டாட்டும் வாங்கியா. மாட்டறப்ப நான் திண்ணைல உக்காந்து திட்டறேன். கூலி வேண்டாம்.

என்ன, டிக்கியா? அதைப் பத்தி இப்ப ஏன்? சரி, தொறந்துட்ட. ரெண்டு மூட்டை புண்ணாக்கு, மொத்தம் 100 கிலோ. வண்டியே ஏறக்குறைய 650 கிலோதான், தெரியும். போன தை மாசம் என்னைச் சந்தைல இருந்து கூட்டியாந்தியே, அன்னைக்கு வெச்சது. எறக்கறக்கு ஆளில்ல, நீயும் அவசரமாப் பொறப்பட்டுட்ட. கோயமுத்தூருக்கும் ஊருக்கும் எத்தனை தடவை சவாரி போச்சுன்னு நீ சொன்ன கணக்க வெச்சுத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மஞ்சப்பையும் அன்னைக்கு மறந்ததுதான். உள்ள வெத்தலை காஞ்சிருக்கும், சுண்ணாம்பு டப்பா இருந்தா எடுத்துக் குடு.

மொறைக்காத சாமி. எறக்கிக் கட்டுத்தாரைல வெய்யி. பாத்து, இடுப்பு. அடுத்த சந்தை செவ்வாய்க்கிழமை. அதுக்குள்ள வண்டியச் சரி பண்ணிரு, பருத்திக்கொட்டை ஏத்தோணும்.