பக்கத்துலதான் சார்

எங்கள் பேட்டையில் 'பக்கத்துலதான்' என்று யாராவது வழி சொன்னால் உடனே ஆட்டோ பிடித்துவிடுவது நல்லது. 'பஸ் ஸ்டாண்ட் அருகில்' என்று பத்திரிகையில் அச்சடித்த கல்யாண மண்டபத்துக்கு, அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்தே இன்னொரு பஸ் பிடித்துப் போனவன் நான். ஆகவே, 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளில், வண்டி நிறுத்தக் கூடாத இடங்களின் பட்டியலில், 'சிக்னலுக்கோ பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கோ அருகில்' என்று மட்டும் எழுதி, எத்தனை அடி என்று சொல்லாமல் விட்ட மகானுபாவர் நம்ம ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

அதே பட்டியலில் மேட்டின் உச்சி இருக்கிறது, முதுகு வளைந்த பாலம் இருக்கிறது. அவ்விரண்டிலும் நான் வண்டியை நிறுத்தியதே கிடையாது. மாட்டிக்கொண்டதெல்லாம் இந்த 'அருகில்' விஷயத்தில்தான்.

2013 என்று ஞாபகம். காபித்தூள் வாங்கப் போயிருந்தேன். கால் கிலோ, சிக்கரி கொஞ்சம் தூக்கலாக. பத்து நிமிஷ வேலை. கைமாறி வந்த என் மாருதி 800-ஐ ஜீப்ரா கிராஸிங்கை ஒட்டி நிறுத்தினேன். மேலே இல்லை, ஒட்டி. கோடுகளும் அப்போது பாதி தேய்ந்திருந்தன. வரி போய்க் குதிரை மட்டும் மிச்சம். ஒழுங்காக வரி கட்டுகிறவனுக்கு ரோட்டில் ஒரு வரிகூடக் கண்ணில் படாததில் என் குற்றம் என்ன?

திரும்பி வந்தால் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு போன் நம்பர். கூப்பிட்டேன்.

"பக்கத்துலதான் சார் இருக்கேன். ரெண்டே நிமிஷம்."

சொல்லும்போதே வயிற்றைக் கலக்கியது. ரெண்டு நிமிஷம் வேறு, பக்கத்துல வேறு.

நிற்க நிற்க இந்தத் தண்டனையின் சூட்சுமம் புரிந்தது. நான் செய்த குற்றம், பத்து நிமிஷம் வழியை மறைத்தது. அதற்குத் தண்டனை, இனி ஒரு மணி நேரத்துக்கு வண்டி அங்கிருந்து நகரவே முடியாதபடி செய்வது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவனைப் பிடித்து அதே கடையில் உட்கார வைத்து ஊற்றிக் கொடுக்கிற மாதிரி.

முதலில் ஒரு மாமி வந்தார், கையில் துணிப்பை. காரின் பின்னாலிருந்து ஆமை ஓட்டிலிருந்து தலை நீட்டுவதுபோல் கழுத்தை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், ஒரு அடி வைத்தார். ஷேர் ஆட்டோ ஒன்று கிறீச்சிட்டு அவர் புடவை நுனியருகே நின்றது. 'வூட்ல சொல்லிட்டு வந்தியா' வகையறாவை டிரைவர் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை மாமி பொறுத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கடங்காரன் சார் இங்க கொண்டுவந்து காரை நிறுத்தினது? அறிவு வேண்டாம்?"

"அநியாயம் மாமி" என்றேன். சாவியைச் சட்டைப்பையில் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கினேன்.

அடுத்து வந்தவை இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மாமிக்காவது தலை வெளியே தெரிந்தது. இவர்கள் காருக்குப் பின்னால் வந்ததும் அப்படியே காணாமல் போனார்கள். மாருதி 800 ஒன்றும் பெரிய வண்டியில்லை, என் மார்பு உயரம்தான். ஆனால் இரண்டாம் வகுப்புக்கு அது மதில்சுவர். வண்டியில் வருகிறவனுக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு வண்டி தெரியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முதன்முதலில் பார்ப்பது நடுரோட்டில். 'அருகில்' என்று ஏன் எழுதினார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சட்டென்று ரோட்டில் இறங்கிக் காபித்தூள் பொட்டலத்தை உயர்த்திப் பிடித்தேன். அன்றைக்குப் பார்த்து வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் டிராபிக் போலீஸ் என்று நினைத்தார்களோ என்னவோ, பஸ்ஸே நின்றுவிட்டது. அப்புறம் கூட்டம் என்னை விடவில்லை. பூக்காரி, காஸ் சிலிண்டர்காரர், கல்லூரிப் பையன்கள், ஒரு பசுமாடு. நடுவில் வீட்டிலிருந்து போன்: "எங்க இருக்கீங்க? டிகாஷன் போடணும்."

"பக்கத்துலதான்."

சான் ஹோஸேயில் இருக்கும் என் அக்கா பிள்ளைக்கு இந்தக் கதை புரியாது. கலிபோர்னியாவில் 2025 முதல் இதில் பேச்சுக்கே இடமில்லை: வண்டி வரும் பக்கத்தில், கடக்கும் இடத்துக்கு முன்னால் 20 அடிக்கு எதையும் நிறுத்தக் கூடாது, போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். என் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மாருதி. ஜெர்மனியில் 5 மீட்டர். பிரிட்டனில் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடே போட்டுவிடுகிறார்கள், டேப் பிடிக்கிற வேலைகூட இல்லை. நம் ஊரிலும் 2017-இல் புது விதிகள் வந்தன. சந்திப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளித்தான் நிறுத்த வேண்டும் என்கின்றன. மயிலாப்பூர் சந்துகளில் ஒரு முனையின் ஐம்பது முடிவதற்குள் அடுத்த முனையின் ஐம்பது ஆரம்பித்துவிடும். சட்டத்தை மதிக்கிறவன் பெட்ரோல் தீரும்வரை கபாலி கோயிலைப் பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கலாம். புண்ணியமாவது மிஞ்சும்.

ஒரு மணி பத்து நிமிஷம் கழித்து, எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து காக்கிப் பேன்ட்காரர் ஒருவர் எழுந்து ரோட்டோரம் வந்து நின்றார். வழக்கம்போல் நான் பொட்டலத்தை உயர்த்தி ஒரு தண்ணி லாரியை நிறுத்தினேன். அவர் நிதானமாகக் கடந்து வந்து சாவியை எடுத்தார்.

"பக்கத்துலதான் இருக்கேன்னு சொன்னேனே சார். நீங்க நல்லா பார்த்துக்கிட்டு இருந்தீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

அப்போது அபராதம் 100 ரூபாய். 2022-லிருந்து தமிழ்நாட்டில் 500. ரசீதை வாங்கிக்கொண்டு, மனசு ஆறாமல் கேட்டேன்: "அருகில்னு போட்டிருக்கே ஏட்டையா, அது எத்தனை அடி?"

அவர் யோசித்தார். ரோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். "அதோ அந்தம்மாவைத்தான் கேக்கணும்."

துணிப்பை நிறையக் கீரையும் முருங்கைக்காயுமாக மாமி திரும்பி வந்துகொண்டிருந்தார். நான் சாவியைக் கதவில் நுழைத்த கையோடு காருக்குப் பின்னால் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினேன். மாமி என்னைப் பார்க்காமலே கடந்து போனார்.

அன்று நான் போட்டிருந்தது செருப்பு.