அட்டைப்பட அம்மணி

அம்மணியின் புது ஆல்பம் வரப்போகிறது. அறிவிப்பு இன்னும் வரவில்லை, தேவையும் இல்லை. இரண்டு வருடமாக ஆளையே காணோமே என்றிருந்தவர், திடீரென்று ஒரு ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் ஒற்றைத் தோள் தெரியச் சாய்ந்து நின்றால், விவரம் தெரிந்த ரசிகர்கள் காலண்டரை எடுத்து வெள்ளிக்கிழமைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். சும்மா அட்டைக்கு வருகிற ஆள் இல்லை அவர். ஆல்பம் இல்லையென்றால் உலகச் சுற்றுப்பயணம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் சொந்தமாக ஒரு உதட்டுச்சாயக் கம்பெனி தொடங்கியிருப்பார். உள்ளே பேட்டியில் மட்டும், விளம்பரம் என்றாலே தனக்கு ஆகாது என்று ஆரம்பிப்பார்.

பாப் இசை உலகில் இப்படி எத்தனையோ அம்மணிகள். பெயர் மாறும், முடியின் நிறம் மாறும், லட்சணம் மாறாது.

முதல் லட்சணம், சிரிக்காதது. ஐம்பதாயிரம் பேர் கூடிய மைதானத்தில் துள்ளித் துள்ளிச் சிரித்தவர், ஒரே ஒரு கேமரா முன்னால் வந்ததும் உதட்டை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு, பத்திரிகை வாங்குகிறவர்மேல் ஏதோ பழைய மனஸ்தாபம் இருப்பதாக ஒரு பார்வை பார்ப்பார். அட்டையில் எப்போதும் காற்று வீசும். மின்விசிறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வீசும். புருவத்தில் ஒரு மயிர் குறைந்தாலும் அது உலகச் செய்தி. 2018 செப்டம்பர் பிரிட்டிஷ் வோக் பத்திரிகையின் அட்டையில் பாடகி ரிஹானா நூலிழைப் புருவத்தோடு தோன்றினார். அடர்ந்த புருவத்துக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்த பெண்கள் திகைத்துப்போக, மெல்லிய புருவம் திரும்பி வருகிறதா என்று மற்றப் பத்திரிகைகள் தீவிரமாக விவாதித்தன.

இரண்டாவது லட்சணம், இயல்பு. “இந்தத் தடவை ரொம்ப இயல்பாக இருக்கட்டும்” என்பார் அம்மணி. அந்த இயல்பைக் கொண்டுவர முடிக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர், நகத்துக்கு ஒருவர், உடைக்கு ஒருவர், அவரவருக்குத் தனித்தனி உதவியாளர்கள். 2018 செப்டம்பர் அமெரிக்க வோக் இதழுக்கு, விக் வேண்டாம், ஒட்டுமுடி வேண்டாம், ஒப்பனையும் கொஞ்சமாகப் போதும் என்றார் பாடகி பியான்ஸே. முகத்தில் குறைந்ததைத் தலைமேல் ஒரு பெரிய பூக்கிரீடம் ஈடுகட்டியது.

இந்த இயல்புக்கு ஆகிற செலவை ஒருமுறை வோக் இத்தாலியா தானாகவே வெளியில் சொன்னது. சுற்றுச்சூழலை முன்னிட்டு 2020 ஜனவரி இதழுக்குப் படப்பிடிப்பே வேண்டாமென்று முடிவெடுத்து, ஓவியர்களைக் கொண்டு அட்டைகளை வரையச் செய்தார்கள். அப்போது ஆசிரியர் இமானுவேலே ஃபர்னேத்தி, முந்தைய செப்டம்பர் இதழின் படங்களுக்கு என்னென்ன ஆயிற்று என்று கணக்கு ஒப்பித்தார்: 150 பேர், ஏறத்தாழ 20 விமானப் பயணங்கள், ஒரு டஜன் ரயில் பயணங்கள், தயாராக நின்ற கார்கள் 40, நாடு விட்டு நாடு வந்த பார்சல்கள் 60. இத்தனை பேர் ஓடியாடி உழைப்பது பெரும்பாலும், இப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்தவரின் கலைந்த கூந்தலை உருவாக்கத்தான்.

அம்மணி போட்டிருக்கும் உடை அம்மணியுடையது இல்லை. அது மாடல்களின் அளவுக்குத் தைத்த மாதிரி உடை. படம் எடுத்து முடித்த கையோடு பைக்குள் போய் அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். இறுக்கமாக இருந்தால் முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும். அட்டைக்கு முதுகு கிடையாது என்பது எல்லோருக்கும் வசதி. சில சமயம் உடை அடியோடு ஒத்துழைக்காது. அன்னா வின்டூர் அமெரிக்க வோக்கின் ஆசிரியரானதும் 1988 நவம்பரில் வெளியிட்ட முதல் அட்டையில், மாடல் மிஷேலா பெர்கு மேலே ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியான் லக்ருவாவின் கல் பதித்த விலையுயர்ந்த மேல்சட்டையும், கீழே வெளுத்துப்போன சாதாரண ஜீன்ஸும் அணிந்திருந்தார். மேல்சட்டைக்கு ஜோடியான பாவாடை அவருக்குச் சேரவில்லை. விடுமுறைக்குப் போய்வந்ததில் சற்றுப் பூசியிருந்தார். அச்சகத்திலிருந்து போன் செய்து, ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று கேட்டார்களாம்.

இன்றைய அம்மணிக்கு அப்படி ஜீன்ஸைக் கலந்து கட்டிக்கொள்ள அவ்வளவு எளிதில் அனுமதி கிடைக்காது. பெரிய உடை நிறுவனங்களின் சட்டம் ‘ஃபுல் லுக்’: தலையிலிருந்து கால்வரை எங்கள் சரக்கு மட்டுமே, போட்டிக் கம்பெனிச் செருப்பு ஒன்றுகூடப் பக்கத்தில் வரக்கூடாது. தென்கொரியாவின் பிளாக்பிங்க் குழுவில் இது ராஜதந்திரப் பிரச்சினையாகவே ஆனது. ஜென்னி ஷனேலின் தூதர், ஜிசூ டியோரின் தூதர், ரோஸே சேன்ட் லோரானின் தூதர், லிசா அப்போது செலினின் தூதர். நால்வரும் சேர்ந்து ஒரு படத்துக்கு நின்றால் அது பாட்டுக் குழுவா, நான்கு வல்லரசுகளின் உச்சி மாநாடா என்று சந்தேகம் வரும்.

அம்மணி இந்தச் சிம்மாசனத்தில் ஏறியதற்குப் பின்னால் ஒரு விமானப் பயணம் இருக்கிறது. வோக் தொடங்கியது 1892இல். 1970களில் பாடகி ஷேர் அதன் அட்டையில் வந்ததுண்டு என்றாலும், 80களில் அட்டை மாடல்களின் கோட்டையாக இருந்தது. அந்தக் காலத்தில் விமானத்தில் வின்டூருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒருவர் வோக்கைப் புகழ்ந்து தள்ளினார்: கிரேஸ் கெல்லி மாதிரி, ஆட்ரி ஹெப்பர்ன் மாதிரி என்ன கௌரவமான பத்திரிகை, மடோனாவையெல்லாம் ஒருநாளும் அட்டையில் போடமாட்டீர்கள். 1989 மே இதழின் அட்டையில் மடோனா. இதழ் நன்றாக விற்றது. 1998 ஜனவரியில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் ஐந்து பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். மாடல்கள் மெல்ல மெல்ல உள்பக்கங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அப்போதெல்லாம் அதிகாரம் பத்திரிகையிடம் இருந்தது. 1998 அக்டோபர் அட்டைக்கு முன் ஓப்ரா வின்ஃப்ரேயிடம், கொஞ்சம் எடை குறைத்தால் நன்றாக இருக்கும் என்று வின்டூர் பக்குவமாகச் சொன்னார். அமெரிக்கத் தொலைக்காட்சியையே ஆட்டிவைத்த ஓப்ரா, மறுபேச்சில்லாமல் 20 பவுண்டு இறக்கிவிட்டு வந்தார். உடம்பு இறங்க மறுத்தால் கணினி இறக்கிவிடும். 2007 ஜூலை ரெட்புக் பத்திரிகை அட்டையில் பாடகி ஃபெய்த் ஹில்லின் கை பாதியாக மெலிந்து, முகச் சுருக்கங்கள் காணாமல்போயிருந்தன. கைவைக்காத மூலப் படத்தை ஜெசபெல் இணையதளம் 10,000 டாலர் கொடுத்து வாங்கிப் போட்டபோதுதான் காணாமல்போனவை கிடைத்தன.

பாடகி சோலாஞ்சின் கதை இன்னும் விசேஷம். ‘டோன்ட் டச் மை ஹேர்’, அதாவது என் முடியைத் தொடாதே என்று 2016இல் ஒரு பாட்டே வெளியிட்டவர் அவர். 2017 அக்டோபரில் லண்டனின் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் இதழ், அவர் தலைக்கு மேலே வளையமாக எழும்பியிருந்த பின்னலை அழித்துவிட்டு அட்டையில் போட்டது. உள்ளே பேட்டியில் அவர் பின்னல் ஒரு கலை என்று விளக்கிக்கொண்டிருந்தார். மூலப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டு, பாட்டின் முதலெழுத்துகளை மட்டும் கீழே எழுதினார் சோலாஞ். பக்க வடிவமைப்புக்காக எடுத்துவிட்டோம் என்று இதழ் மன்னிப்புக் கேட்டது.

சில சமயம் கணினி குறைப்பதற்குப் பதிலாகக் கொடுத்துவிடும். 2018 தொடக்கத்தில் வேனிட்டி ஃபேரின் ஹாலிவுட் இதழில் நடிகை ரீஸ் விதர்ஸ்பூனுக்கு மூன்று கால்கள். கூடவே வெளியான படப்பிடிப்புப் படமொன்றில் ஓப்ராவுக்கு மூன்று கைகள். மூன்றாவது கால் உடையின் உள்துணிதான் என்றது பத்திரிகை. இரு அம்மணிகளும் ஒருவர் உபரியை மற்றவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள்.

பேட்டிக்கு வருவோம். பெண் பார்க்கும் படலத்தில் சொஜ்ஜி, பஜ்ஜி எப்படியோ, அட்டைப்படப் பேட்டியில் உருளைக்கிழங்கு வறுவல் அப்படி. அம்மணி ஒப்பனை இல்லாமல், பழைய டி-ஷர்ட்டில், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே ஓட்டலுக்கு வந்து நிருபரை அசத்துவார். பெரிய பர்கரும் வறுவலும் வரவழைப்பார். நிருபர் முதல் பத்தி முழுக்க அதை வியந்து எழுதுவார். பர்கரில் எவ்வளவு உள்ளே போயிற்று என்று மட்டும் எழுதமாட்டார். பிறகு அம்மணி, இந்த ஆல்பம்தான் தன் வாழ்க்கையிலேயே அந்தரங்கமானது என்பார். போன ஆல்பத்துக்கும் அதையே சொன்னவர்தான்.

நாளடைவில் அந்த வறுவலுக்கும் ஆபத்து வந்துவிட்டது. 2015 செப்டம்பர் வோக் அட்டையில் பியான்ஸே இருந்தார், உள்ளே பேட்டி இல்லை. விமர்சகர் மார்கோ ஜெஃபர்சன் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2018 ஜனவரி பிரிட்டிஷ் வோக்கில் டெய்லர் ஸ்விஃப்ட் பேட்டிக்குப் பதிலாகத் தன் கவிதையைக் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பியான்ஸே மறுபடி வந்தபோது எல்லாம் அவர் வாய்மொழியாகவே அச்சானது. இப்படியே போனால் பத்திரிகையாளருக்கு மிஞ்சுவது உறை ஒட்டும் வேலைதான்.

பல கோடிப் பேர் பின்தொடரும் இன்ஸ்டாகிராம் கையில் இருக்க, அட்டைக்கு அம்மணி ஏன் இன்னும் மெனக்கெடுகிறார் என்று கேட்கலாம். சுயமாக எடுத்த படத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். அட்டைக்கு அழைப்பு வந்தாக வேண்டும். அதனால்தான் அட்டை வந்த அன்று முதல் வேலையாக அதை இன்ஸ்டாகிராமில் போட்டு, நம்பவே முடியவில்லை என்று எழுதுவார். மூன்று மாதம் முன்பே படம் எடுத்துக்கொண்டவருக்கு அன்றைக்குத்தான் நம்ப முடியாமல் போகும். ஒரு அட்டை போதாது என்கிறவர்களும் உண்டு: 2021 நவம்பரில் அடேல் அமெரிக்க வோக், பிரிட்டிஷ் வோக் இரண்டிலும் ஒரே நேரத்தில் வந்தார். பட விளம்பரத்துக்கே வராதவர் என்று பெயர் வாங்கிய நயன்தாராவும், 2019 அக்டோபரில் துல்கர் சல்மான், மகேஷ் பாபு சகிதம் வோக் இந்தியா அட்டைக்கு வந்தார்.

அம்மணி இனத்தில் ஆண்களும் உண்டு. அமெரிக்க வோக் அட்டையில் தனியாக நின்ற முதல் ஆண், பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ். 2020 டிசம்பர் இதழில் குச்சி (Gucci) நிறுவனத்தின் நீள கவுன் அணிந்து, மேலே கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு பலூன் ஊதினார். அரசியல் விமர்சகர் கேண்டஸ் ஓவன்ஸ் கொதித்துப்போய், ஆண்மையுள்ள ஆண்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். ஹாரி வாதம் செய்யவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. இளநீலக் கோட்டும் கழுத்துக் குஞ்சமுமாக வாழைப்பழம் தின்னும் தன் படத்தைப் போட்டு, ஓவன்ஸின் அதே வார்த்தைகளைக் கீழே எழுதினார். அந்தப் படம் வெரைட்டி பத்திரிகைக்காக எடுத்தது.